ஸ்டீயரிங் பம்பும் சிவப்பு அட்டையும்

கார் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. முன் டயர் இரண்டிலும் காற்று இறங்கிவிட்டது. சதுரங்கப்பட்டினத்து உப்புக் காற்று யாரும் மேற்பார்வையிடாமலே தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வீல் நட்டுகளில் துரு பிடித்துவிட்டது. பானெட்டைத் திறந்தால், வலது ஹெட்லைட்டுக்குப் பின்னால் நாங்கள் பொருத்திய மின்சாரப் பம்ப் மட்டும் நேற்று வாங்கியது போல இருக்கிறது. அதன் பக்கத்தில், மின்சாரத்தைத் துண்டிக்கும் பேட்டரி ஸ்விட்சில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. அதை அவிழ்க்கும் உரிமை ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் உள்ளறையில் கட்டிலில் படுத்திருக்கிறான்.

அவனும் நானும் ஒரே மின் நிலையத்தில் சேர்ந்து, ஒரே மின் நிலையத்தில் ஓய்வுபெற்றவர்கள். அவன் கடைசி வரை ஷிப்டில் இருந்தான். நான் பாதியிலேயே செயல்முறைகள் எழுதும் பிரிவுக்குப் போய்விட்டேன். எந்த வால்வை எதற்குப் பிறகு திறக்க வேண்டும், யார் திறக்க வேண்டும், திறந்ததை யார் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதுவது என் வேலை. அவன் திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கடைசியில் இருவரும் இரண்டு தெரு தள்ளித் தள்ளி வீடு கட்டிக்கொண்டு, அவரவர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நிலைக்கு வந்து சேர்ந்தோம்.

அவனிடம் இருந்த கார் பழைய ஜப்பானியச் செடான். வெளியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத் தாளாளர் வைத்திருக்கும் வண்டி. உள்ளே, காற்றை அழுத்தித் திணித்து வேகம் கூட்டும் டர்போ வைத்த எஞ்சின். அதை அவன் சம்பளக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருந்தான். டர்போவின் குழாய்களுக்கு இடம் போதவில்லை என்று, எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் பவர் ஸ்டீயரிங் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டான். எஞ்சினின் சக்தியை அது வேறு தின்கிறது என்று ஒரு காரணம் சொன்னான். பம்ப் போனதும் ஸ்டீயரிங் கிணற்று உருளை போலக் கனத்தது. அப்போது அவன் கைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவான். பேரப்பிள்ளை, கோயில், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதும் அது நின்றுபோனது. நம் ஊர் வண்டியில் இடது கை கியருக்குப் போய்விடும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது வலது கைதான். அவன் காரை நின்ற இடத்திலிருந்து ஷெட்டுக்கு வெளியே திருப்பக்கூட முடியவில்லை. மருமகன் வண்டியில் இடது சீட்டில் உட்கார்த்தி அழைத்துப்போனார்கள். அந்தச் சீட்டில் அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிணையில் வெளிவந்தவன் போல இருப்பான்.

"ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக்கலாமில்ல அண்ணா? பக்கத்து வூட்ல வாங்கிக்கிறாங்க, ஒரு வெரல்ல ஓட்டறாரு" என்றாள் அவன் மனைவி என்னிடம். அவனிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வது அவள் வழக்கம்.

"அது கார் இல்லடி. சோபாவுக்கு சக்கரம் வச்சிக்கீறான்" என்றான் அவன்.

"பழைய பம்பையே மறுபடி மாட்டிவிடேன்" என்றேன்.

"எங்க மாட்டுவ? அந்த எடத்துல டர்போ பைப்பு குந்திகினு கீது. அத்தக் கழட்டுனா அப்பறம் தள்ளுவண்டிதான்." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துச் சொன்னான்: "யோவ், எனக்குக் கடப்பாக்கம் வரைக்கும் போய்ட்டு வரணும்யா. நானா ஓட்டிகினு. ஒரு வாட்டி போனாக்கூடப் போதும்."

அவன் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே நான் படிக்கத் தொடங்கினேன்.

சில ஐரோப்பியச் சின்னக் கார்களில் ஸ்டீயரிங் எண்ணெயை அழுத்தும் பம்பை எஞ்சின் சுற்றுவதில்லை. அதற்கென்று தனி மின்மோட்டார் உண்டு. எண்ணெய் டப்பாவும் அதன் தலையிலேயே இருக்கும். பெல்ட் வேண்டாம் என்பதால் காரில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைக்கலாம். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பெரிய ஃபியூஸ், சாவி போட்டதும் விழித்துக்கொள்ள ஒரு மெல்லிய ஒயர். காரின் வேகம் என்ன என்ற தகவல் கிடைக்காவிட்டால் பம்ப் தானாகவே ஒரு நடுத்தர வேகத்துக்குப் போய் அதிலேயே நின்றுவிடும். தகவல் கிடைக்காதபோது நடுத்தரமாக நடந்துகொள்வது எங்கள் மின் நிலையத்தில் பலர் பதவி உயர்வு பெற்ற வழி. பம்பின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

வண்டியில் இப்படி மாற்றம் செய்வதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்று விதியை எடுத்துச் சொன்னேன். அவன் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையொன்றில், விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய பம்ப் கிடைத்தது. அதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு செங்கல்பட்டில் அவனுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். மெக்கானிக் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மிக்சி மாதிரி கீது?"

"ஆமா, சட்னி அரைக்கப்போறோம். நீ தேங்கா எடுத்துகினு வா" என்றான் அவன்.

பம்பைத் தாங்க ஒரு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யப்பட்டது. இரைச்சல் உள்ளே வராமலிருக்க ரப்பர் வைத்தோம். பம்பின் வாய் வேறு அளவு, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கின் வாய் வேறு அளவு. இரண்டையும் இணைக்கும் அழுத்தக் குழாயைச் செங்கல்பட்டில் ஜேசிபிகளுக்குக் குழாய் செய்துகொடுக்கும் கடையில் செய்வித்தோம். மலையை உடைக்கிற வண்டிகளுக்குச் செய்கிற குழாய்; ஒரு கிழவனின் ஸ்டீயரிங்குக்குத் தாராளமாகவே போதும். நான் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் செயல்முறை எழுதி எடுத்துப்போனேன்.

"நட்டு முடுக்கறதுக்கு ஒரு பேரா எழுதிகினு வந்துக்கிறான் பார்" என்று அவன் மெக்கானிக்கிடம் காட்டினான். ஆனால் அந்தப் பேராவைப் படித்துவிட்டுத்தான் முடுக்கினான்.

முடுக்கும்போது ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. "வெண்ணெய் தடவிகினு வந்தியா?" என்றேன். அவன் சிரித்தான். தோள் ஆபரேஷன், என்றான். தோள்தான், என்றேன் நானும்.

இங்கே சிவப்பு அட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மின் நிலையத்தில் ஒரு மோட்டாரையோ வால்வையோ பழுதுபார்க்க இறங்குபவன் அதன் ஸ்விட்சில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவான். அதில் அவன் கையெழுத்து இருக்கும். கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் உண்டு. வேறொருவன் வந்து, கட்டப்பட்டிருப்பது என்ன, எதற்காக என்று நேரில் பார்த்துப் போடும் கையெழுத்து அது. கட்டியவனைத் தவிர வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. நிலையத் தலைவரே வந்தாலும் தொட மாட்டார். ஒருமுறை ஒருவன் அட்டையைக் கட்டிவிட்டு மறந்துபோய் மைத்துனன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டான். பந்தியில் உட்கார்ந்திருந்தவனை ஜீப் அனுப்பிக் கூட்டிவந்தோம். கையில் பாயச வாசனையோடு வந்து அவிழ்த்தான். அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு மனிதனின் கை இயந்திரத்துக்குள் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அதனால் அட்டையைக் கண்டால் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. கேட்பது அவனைச் சந்தேகிப்பது போல. விலகி நிற்பதுதான் மரியாதை.

பழக்கம் எங்களோடு ஓய்வுபெறவில்லை. என் வீட்டுக் கிணற்று மோட்டாரில் அட்டை கட்டியிருக்கிறேன். அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம், மனைவி தீபாவளிக்குச் செய்த லட்டு டப்பாவின் கைப்பிடியில் அவன் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினான். "இயக்காதே" என்று எழுதி, முழுக் கையெழுத்தும் போட்டிருந்தான். விருந்தாளிக்கு லட்டு வைக்க அவள் அதை அறுத்தபோது வீட்டில் பெரிய சண்டை.

"கையெழுத்துப் போட்டவன் நானு! நீ எப்படி அறுப்ப?"

"நீ துன்னக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லேன்யா. டப்பாவுக்கு எதுக்குத் தாலி கட்டற?" என்றாள் அவள்.

நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவனுக்குத் தன்னைப் பற்றி எதையும் வாயால் சொல்லத் தெரியாது என்பதை அந்த லட்டு டப்பா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பம்ப் முதன்முதலில் ஓடிய காலை நன்றாக இருந்தது. இந்தக் கதையில் நன்றாக இருந்த காலை அது ஒன்றுதான். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, குழாயிலிருக்கும் காற்று வெளியேற ஸ்டீயரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாகத் திருப்பினோம். எண்ணெயில் நுரை கிளம்பி அடங்கியது. சக்கரத்தை இறக்கினோம். அவன் ஒற்றை விரலை ஸ்டீயரிங்கில் வைத்துத் திருப்பினான். வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் திரும்பியது.

"யோவ்" என்றான். மறுபடி திருப்பினான். ஷெட் வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இதான் பக்கத்து வூட்டுக்காரரும் செய்றாரு" என்றாள் அவள். ஆனால் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடப்பாக்கம் போய்விடலாம் என்றான். முதலில் சோதனை ஓட்டம் என்றேன் நான். செயல்முறை அப்படி. சாலையில் ஏறிச் சிறிது தூரம் போனதும் முகம் சுளித்தான்.

"வண்டி எடதாப் போவுது."

இடம் மாறி உட்கார்ந்து நான் ஓட்டினேன். நூல் பிடித்தது போல நேராகப் போனது. மறுபடி அவன் ஓட்டினான். மறுபடி இடது. ஒரு சைக்கிள்காரர் மண்ணில் இறங்கி எங்களைத் திட்டிவிட்டுப் போனார். அதே கார், அதே சாலை, நான் ஓட்டினால் நேர், அவன் ஓட்டினால் இடது. இதில் எது மாறுகிறது என்று ஆறாம் வகுப்பு மாணவனைக் கேட்டால் சொல்லியிருப்பான். நாங்கள் பொறியாளர்கள். எண்ணெயை மாற்றினோம். மறுபடி காற்றை வெளியேற்றினோம். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டோம். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சக்கரங்களின் நேர்மையை அளந்தோம். சக்கரங்கள் நேர்மையாகத்தான் இருந்தன.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் ஷெட்டுக்குப் போனபோது பேட்டரி ஸ்விட்சில் சிவப்பு அட்டை தொங்கியது. "பாதுகாப்பு இல்லை. இயக்காதே." அவன் கையெழுத்து. எழுத்து சரிந்து, வாக்கியத்தின் கடைசி அட்டையின் ஓரத்தில் போய் முட்டி நின்றது. அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அட்ட கட்டிக்கீறேன். தொடாத" என்றான்.

"சரி" என்றேன்.

முப்பது ஆண்டுப் பழக்கம் சொன்ன சரி அது. எதற்கு என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நான் பேன்ட்டை மடித்துவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன்.

பழுது எங்கோ இருக்கிறது, அவன் கண்டுவிட்டான், நான் அதைத் தேடிப்பிடிக்க வேண்டும். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒயர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஃபியூஸ் சூடாகிறதா என்று தனி பேட்டரி வைத்துச் சோதித்தேன். குழாயின் இணைப்புகளில் வெள்ளைத் தாளைச் சுற்றிவைத்துக் கசிவு பார்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். காபி கொடுத்தால் இடது கையால் வாங்கினான். பேச்சு குறைந்திருந்தது. காரைப் பற்றிய வருத்தம் என்று நினைத்தேன்.

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு வெளியே எடுத்தார்.

"பம்பு ஜம்முனு கீது சார். இவுரு இன்னாதான் சொல்றாரு?"

"அட்டை கட்டியிருக்கிறார்."

"அது கீது சார். வாயால கேட்டீங்களா?"

"அட்டையைப் பற்றிக் கேட்பதில்லை."

"இன்னா பேஜாரு சார் இது! ரெண்டு பேரும் டெய்லி ஒண்ணா குந்திகினு கீறீங்க, அட்டையில பேசிக்கிறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு பைக்கை உதைத்துக் கிளம்பினார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவன் சிரிப்பு ஒரு பக்கமாக இருந்தது. அதையும் பார்த்தேன். பார்ப்பதற்கு எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த வாரக் கடைசியில் அவன் மனைவி போன் செய்தாள். வாஷ்பேசினருகே, பிரஷ் வாயில் இருக்க, விழுந்துகிடந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனோம். திருக்கழுக்குன்றத்து ஸ்பீடு பிரேக்கர்கள் ஒவ்வொன்றிலும் அவன் தலை ஆடியது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது பக்கமும் பேச்சும் போயின.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகத்தான் கேட்டார்: "இதுக்கு முன்னாடி கை மரத்துப்போச்சுன்னு சொன்னாரா? கையில இருந்து பொருள் நழுவுச்சா? வாய் கோணுச்சா?"

"தோள் ஆபரேஷனால்தான்னு இருந்துட்டோம்மா" என்றாள் அவன் மனைவி.

"முன்னாலயே ஒரு தடவ வந்து காட்டியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மின் நிலையத்தில் இதற்கு விசாரணைக் குழு வைப்போம். காரணம், துணைக் காரணம், பரிந்துரைகள். பரிந்துரைகளை எழுத என்னைக் கூப்பிடுவார்கள். நல்ல வேளையாக ஆஸ்பத்திரியில் அந்த வழக்கம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒருவர் வந்துபோனார். கால் கொஞ்சம் அசைந்தது. கை அசையவில்லை. வாயிலிருந்து வந்தது ஒலி மட்டும்தான், சொல் இல்லை. என்னைப் பார்த்தால் அவன் கண் ஷெட் இருக்கும் திசைக்குப் போகும். காரை நினைத்து ஏங்குகிறான் என்று நான் மனைவியிடம் விளக்கினேன். எனக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "அண்ணா, அந்த அட்டையக் கழட்டிட்டு ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் கேட்டாலாவது அவருக்கு நல்லாருக்கும். பேட்டரியும் செத்துப்போய்டும்னு மெக்கானிக் சொல்றாரு."

"அவன்தான் கழற்ற வேண்டும்மா."

"இன்னுமா அண்ணா இந்தக் கூத்து?" அவள் குரல் உடைந்தது. ஆனால் அவளே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பானெட்டைத் திறந்தேன். நாற்காலியை வலது ஹெட்லைட்டை ஒட்டி நிறுத்தினோம். அட்டை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முடிச்சைக் காட்டி, "கழற்றுகிறாயா? ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம்" என்றேன். இடது கையால் அவிழ்க்க வசதியாக நூலைத் திருப்பியும் வைத்தேன்.

அவன் அட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தலையை அசைத்தான், இல்லை என்று. இடது கையைத் தன் மடிக்குக் கொண்டுபோனான். அங்கே கிடந்த வலது கையின் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு பொருளைத் தூக்குவது போல அதைத் தூக்கி, காரின் விளிம்பில், அட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். வழுக்கி விழப்போனதை இழுத்து மறுபடி வைத்தான். அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

"கை வலிக்குதா?" என்றாள் மனைவி. "இன்னா வேணும் உனக்கு?"

அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பம்பில் பழுதில்லை என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். வண்டி இடது பக்கம் போனது எதனால் என்று தெரியும். வலது கை பிடியை விட்டது, இடது கை இழுத்தது. இடது ஓரத்தில் சைக்கிளில் ஒரு மனிதன் போய்க்கொண்டிருந்தான். ஷெட்டில் தனியாக உட்கார்ந்து அதை யோசித்துப் பார்த்து, எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நான் தினமும் வந்து பார்க்கிற இடத்தில் கட்டிவைத்துவிட்டான். லட்டு டப்பாவில் கட்டியது போல, தனக்குத்தான். மனைவியிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் போகவில்லை. ஒரு முறை கடப்பாக்கம் போய்வர வேண்டும் என்று சொன்ன வாயால், என்னால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, நான் காருக்கு அடியில் பழுது தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அட்டையின் கீழ்ப்பகுதி காலியாக இருந்தது. எதற்காகக் கட்டப்பட்டது என்று நேரில் பார்த்தவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம். அது எனக்குரிய இடம் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த விதியை எழுதியவனே நான். இதில் கையெழுத்துப் போட்டால் இந்த ஸ்டீயரிங்கை இந்தக் கை இனிப் பிடிக்காது என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். கடப்பாக்கம் இல்லை. விடியல் டீ இல்லை. அவன் கண்ணை எடுக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்திருப்பது அவனுக்குப் பெரிய வேலை.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"இன்னா எழுதறீங்க அண்ணா?" என்றாள் அவள்.

"ஒன்றுமில்லை அம்மா. ஒரு கையெழுத்து பாக்கி."

கடற்காற்றில் அட்டை நமுத்துப் போயிருந்தது. முதல் தடவை மை பிடிக்கவில்லை. அட்டையை அவன் கையின் மேல் வைத்து, அழுத்தி, மறுபடி எழுதினேன். அந்தக் கைக்கு அது தெரியவில்லை.